ரெகுலேட்டர் கெட்டால் காற்று நிற்குமா, கொட்டுமா?

சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து டைவருக்கு மூச்சு வாங்கத் தரும் கருவிதான் ஸ்கூபா ரெகுலேட்டர். அதற்குள் இருக்கும் பாகங்கள் பழுதானால் என்ன ஆகும் என்று வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கான பதில்கள்.

கேள்வி: தண்ணீருக்குள் இருக்கும்போது ரெகுலேட்டரில் ஏதாவது உடைந்தால் சட்டென்று மூச்சு நின்றுவிடும் என்ற பயத்திலேயே டைவிங் வகுப்பில் சேராமல் தள்ளிப்போடுகிறேன். இந்தப் பயம் சரியா?

பயப்படுவது இயல்புதான். ஆனால் நீங்கள் பயப்படுவது நடப்பது அரிது. உள்ளே ஒரு பாகம் கெட்டால் பெரும்பாலும் காற்று நிற்பதில்லை. நிற்காமல் கொட்டத் தொடங்குகிறது. வால்வு எந்தப் பக்கமாகத் திறக்கிறது என்பதுதான் இதற்குக் காரணம்.

நிரப்பிய சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று இருக்கிறது. சிலிண்டர் வால்வில் பொருத்தும் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் அதைக் குறைத்து, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிட ஏறத்தாழ 9 முதல் 10 பார் மட்டும் கூடுதலாக இருக்கும்படி வைக்கிறது. இதை இடை அழுத்தம் என்போம். அந்தக் காற்று ஹோஸ் வழியாக வாயில் இருக்கும் செகண்ட் ஸ்டேஜுக்கு வருகிறது. அங்கே ஒரு சிறிய ரப்பர் சீட்டை ஸ்பிரிங் ஒன்று, ஓரிஃபிஸ் எனப்படும் உலோகத் துளையின் விளிம்போடு அழுத்தி மூடி வைத்திருக்கிறது. நீங்கள் மூச்சை இழுத்ததும் டயாபிரம் எனும் நெகிழும் சவ்வு உள்வாங்கி லீவரை அழுத்துகிறது. லீவர் சீட்டை இழுத்துத் திறக்கிறது.

காற்று எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கமாகவே இந்த சீட் திறக்கும். இதை டவுன்ஸ்ட்ரீம் வால்வு என்பார்கள். ஸ்பிரிங் தளர்ந்தாலோ, சீட் தேய்ந்தாலோ, இடை அழுத்தம் ஏறினாலோ காற்று தானாகவே சீட்டைத் தள்ளித் திறந்துகொள்ளும். ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் சீட் கெட்டாலும் முடிவு இதுதான். சிலிண்டர் காற்று கசிந்து இடை அழுத்தம் ஏற, செகண்ட் ஸ்டேஜ் திறந்து அதை வெளியே விட்டுவிடும். அப்படிப் பார்த்தால் செகண்ட் ஸ்டேஜே பாதுகாப்பு வால்வாகவும் வேலை செய்கிறது. காற்றோட்டத்துக்கு எதிர்த்திசையில் திறக்கும் அப்ஸ்ட்ரீம் வால்வு உள்ள மாடல்களில் இந்த வசதி கிடையாது. அதனால் அவற்றுக்குத் தனியாக ஒரு ரிலீஃப் வால்வு கட்டாயம். அது இடைஞ்சலாக இருக்கிறது என்று கழற்றிவிட்டு அது இருந்த துளையை அடைப்பது மிகவும் ஆபத்தானது.

எனவே வகுப்பில் கவனமாகப் பழக வேண்டியது கொட்டும் ரெகுலேட்டரில் மூச்சு வாங்குவதைத்தான். அடிப்படைப் பயிற்சியிலேயே ஆழமில்லாத நீரில் அதைச் செய்யவைப்பார்கள். ஒருமுறை செய்து பார்த்தாலே பயத்தில் பாதி போய்விடும்.

கேள்வி: அப்படியானால் காற்று அடைபடவே அடைபடாதா?

அடைபடும். அரிதாக நடப்பதால்தான் பலர் இதற்குத் தயாராக இருப்பதில்லை. செகண்ட் ஸ்டேஜில் லீவர், சீட்டைத் தாங்கும் பாப்பெட் தண்டிலிருந்து நழுவினாலோ தண்டு முறிந்தாலோ டயாபிரம் என்னதான் அழுத்தினாலும் சீட் திறக்காது. டயாபிரமைக் கையால் அழுத்திக் காற்றை விட முன்பக்கத்தில் இருக்கும் பர்ஜ் பட்டனும் பயன் தராது. ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் பிஸ்டன் வகை, டயாபிரம் வகை என்று இரண்டு உண்டு. பிஸ்டன் வகையில் வால்வைத் திறந்து வைத்திருப்பதே பெரிய ஸ்பிரிங்தான். அது முறிந்தால் இடை அழுத்தம் விழுந்து மூச்சு இழுப்பது கடினமாகும். சிலிண்டருக்குள் இருக்கும் துருவோ தண்ணீரோ வால்வையும் ஃபில்டரையும் அடைக்கலாம்.

ஹோஸ் வெளியே பார்க்க நன்றாக இருக்கும்போதே உள்ளே கெட்டுப்போவதும் உண்டு. மேலே பின்னல் போட்ட சில ஹோஸ்களின் உள் குழாய், வெப்பத்திலும் ஈரத்திலும் பல ஆண்டுகள் இருந்தால் சிதைந்து, மஞ்சள் நிறத் துகள்களாகச் சேர்ந்து வழியை அடைக்கும். செகண்ட் ஸ்டேஜைத் திறக்கும்போது மஞ்சள் துகள் தட்டுப்பட்டால், அதைத் துடைத்துவிட்டுத் திரும்ப மூடாதீர்கள். ஹோஸை அன்றைக்கே மாற்றுங்கள்.

இப்படிக் காற்று நின்றால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அடுத்த செகண்ட் ஸ்டேஜுக்குப் போவது. கோளாறு ஃபர்ஸ்ட் ஸ்டேஜிலோ அதற்கு முன்னாலோ இருந்தால் உங்கள் ஆக்டோபஸிலும், அதாவது உங்களிடம் உள்ள உபரி செகண்ட் ஸ்டேஜிலும், போதிய காற்று வராது. அப்போது துணை டைவரின் ஆக்டோபஸ் வேண்டும், அல்லது தனி ரெகுலேட்டர் பொருத்திய சிறு சிலிண்டர் வேண்டும். துணை டைவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இந்த நிலைக்காகத்தான்.

கேள்வி: சிலிண்டரைத் திறந்து சில நிமிடம் வைத்தால் என் ஆக்டோபஸ் 'உஸ்' என்று கசிகிறது. பர்ஜ் பட்டனை அழுத்திவிட்டால் நிற்கிறது. கொஞ்ச நேரத்தில் மறுபடி கசிகிறது. ஆக்டோபஸைப் புதிதாக மாற்றினேன். அதுவும் இப்போது அப்படியே செய்கிறது. ஏன்?

நீங்கள் எழுதியிருக்கும் அடையாளம் மிகத் தெளிவானது. கோளாறு ஆக்டோபஸில் இல்லை, ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் இருக்கிறது. செகண்ட் ஸ்டேஜின் சீட் தேய்ந்திருந்தால் சிலிண்டரைத் திறந்த நொடியிலேயே கசியும், நிற்காது. சில நிமிடம் கழித்துத் தொடங்கி, பர்ஜ் செய்ததும் நின்று, திரும்பவும் வருகிறது என்றால் இடை அழுத்தம் மெல்ல மெல்ல ஏறுகிறது என்று பொருள். டைவர்கள் இதை ஐ.பி. க்ரீப் என்பார்கள். இரண்டு செகண்ட் ஸ்டேஜ்களில் எது லேசாகத் திறக்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறதோ அதுதான் முதலில் கசியும். உங்களிடம் அது ஆக்டோபஸாக இருந்ததால் பழி அதன்மேல் விழுந்திருக்கிறது.

உறுதிசெய்ய, பி.சி.டி.க்கு (மிதப்பைக் கட்டுப்படுத்தும் ஜாக்கெட்) காற்று கொண்டுபோகும் இன்ஃப்ளேட்டர் ஹோஸின் முனையில் மாட்டும் சிறிய அழுத்தமானி போதும். செகண்ட் ஸ்டேஜ்கள் மாட்டியபடியே இருக்கட்டும். வெறும் ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் மானியை மட்டும் மாட்டித் திறக்கவே கூடாது. அழுத்தம் ஏறினால் வெளியேற வழி இருக்காது. வால்வை மெதுவாகத் திறந்து, பர்ஜ் பட்டனை பத்து முறை போல அழுத்தி விடுங்கள். ஒவ்வொரு முறையும் முள் சற்றுக் கீழே இறங்கி, விட்டதும் ஒரே எண்ணுக்குத் துள்ளி வந்து அங்கேயே நிற்க வேண்டும். கடைசியாக விட்டபின் ஐந்து முதல் பத்து நிமிடம் முள்ளைக் கவனியுங்கள். முதல் சில நொடிகளில் 0.3 பார் வரை நகர்ந்து நின்றுவிட்டால் கவலையில்லை. 9.5, 10, 10.5 என்று நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் அது க்ரீப். சோதனையை நிரப்பிய சிலிண்டரில் ஒரு முறையும் 50 பாருக்குக் குறைந்த சிலிண்டரில் ஒரு முறையும் செய்யுங்கள். 200 பாரில் கசியும் சீட், 50 பாரில் நல்ல பிள்ளையாக நிற்பதுண்டு.

ஏன் இப்படி ஆகிறது என்றால், ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் மெல்லிய உலோக விளிம்பு ஒன்று பிளாஸ்டிக் சீட்டின்மேல் உட்கார்ந்து காற்றை நிறுத்துகிறது. திறந்து மூடித் திறந்து மூடி அந்த சீட்டில் வட்டமாகப் பள்ளம் விழுகிறது. உப்புப் படிகமோ உலோகத் துகளோ அங்கே சிக்கினாலும் போதும், அடைப்பு முழுமையாக இருக்காது. தீர்வு சீட்டை மாற்றுவது.

புதிய சீட் போட்டும் க்ரீப் திரும்ப வந்தால் இரண்டு இடங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று, அந்த உலோக விளிம்பு. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில், வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்துச் சுற்றிப் பார்த்தால் முடி அளவு வெட்டுகூட மின்னும். வெட்டு இருந்தால் எத்தனை சீட் போட்டாலும் கெடும். இன்னொன்று, பேலன்ஸ்டு டயாபிரம் வகையில் பாப்பெட்டின் வால் பகுதியைச் சுற்றியுள்ள சின்ன ஓ-ரிங் எனும் ரப்பர் வளையம். அதன் ஒரு பக்கம் சிலிண்டர் அழுத்தம், மறுபக்கம் இடை அழுத்தம். அது கசிந்தால் சீட் கசிவதைப் போலவே மானியில் தெரியும். சீட்டை மட்டும் மாற்றிவிட்டு இந்த ஓ-ரிங்கை விட்டுவிடுவதால் இரண்டாவது முறை திறக்க நேர்வதுண்டு.

அதுவரை அந்த ரெகுலேட்டரில் டைவ் செய்யாதீர்கள். செகண்ட் ஸ்டேஜின் குமிழைத் திருகி இறுக்கிக் கசிவை நிறுத்துவது நோயை மறைப்பதுதான்.

கேள்வி: எனக்குப் பின்னால் வந்த டைவர், என் ஃபர்ஸ்ட் ஸ்டேஜிலிருந்து குமிழிகள் வருவதாகச் சைகை காட்டினார். எவ்வளவு ஆபத்து?

எந்த இடத்திலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. பிஸ்டன் வகையில், உடலைச் சுற்றித் தண்ணீர் உள்ளே போய்வரத் துளைகள் இருக்கும். பிஸ்டன் தலையின் பெரிய ஓ-ரிங் கசிந்தாலும், தண்டைச் சுற்றியுள்ள உயர் அழுத்த ஓ-ரிங் கசிந்தாலும் குமிழி அந்தத் துளைகளிலேயேதான் வரும். இரண்டுமே சர்வீஸ் மேசையில் தீர்க்க வேண்டியவை. டயாபிரம் வகையில் ஸ்பிரிங் இருக்கும் அறையிலிருந்து குமிழி வந்தால் டயாபிரம் கிழிந்திருக்கலாம், அல்லது அதைப் பிடித்திருக்கும் மூடி தளர்ந்திருக்கலாம். மூடி தளர்ந்தால் கசிவு வேகமாகப் பெரிதாகும். டைவை உடனே முடியுங்கள்.

சிலிண்டர் அழுத்தத்தைக் காட்டும் பிரஷர் கேஜின் கழுத்தில் ஊசிமுனை அளவு குமிழி வருவது வேறு விஷயம். அங்கே சுழலும் சிறிய தண்டில் இரண்டு குட்டி ஓ-ரிங்குகள் இருக்கின்றன. அவை தேய்வது சாதாரணம். உயர் அழுத்த ஹோஸின் வழி ஊசித்துளை அளவே வைக்கப்பட்டிருப்பதால் அந்த ஹோஸ் வெடித்தால்கூட, பார்க்க பயங்கரமாக இருந்தாலும், சிலிண்டர் மெதுவாகவே காலியாகும். மாறாக, செகண்ட் ஸ்டேஜுக்குப் போகும் அகலமான ஹோஸ் கிழிந்தால் சில நிமிடங்களில் காற்று தீர்ந்துவிடும். சத்தம் பெரிதாக இருப்பதையும் ஆபத்து பெரிதாக இருப்பதையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது.

கேள்வி: 20 மீட்டரில் திடீரென்று காற்று கொட்டத் தொடங்கினால் வரிசையாக என்ன செய்ய வேண்டும்?

முதலில், கொட்டுவது வாயிலிருந்து எடுத்த ரெகுலேட்டர் என்றால் அது பழுதாகவே இல்லாமல் இருக்கலாம். மவுத்பீஸ் மேல்நோக்கி இருக்கும்போது சிறிது காற்று வெளியேறினால், அந்த ஓட்டமே டயாபிரமை உள்ளே இழுத்து வால்வைத் திறந்து வைத்துவிடும். மவுத்பீஸைக் கீழ்நோக்கித் திருப்புங்கள், அல்லது விரலால் அதை மூடுங்கள். நின்றுவிடும்.

வாயில் இருக்கும்போதே கொட்டினால், காற்றோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு குமிழோ ப்ரீ-டைவ் லீவரோ இருந்தால் குறைந்த பக்கம் திருப்பிப் பாருங்கள். நிற்கவில்லையென்றால் துணை டைவருக்குச் சைகை காட்டி அவருடைய ஆக்டோபஸை வாங்குங்கள். இதுதான் முதல் தேர்வு. அவர் எட்டாத தூரத்தில் இருந்தால் கொட்டும் ரெகுலேட்டரிலிருந்தே மூச்சு வாங்கலாம். உதட்டை இறுக்கி மூட வேண்டாம். மவுத்பீஸின் ஒரு ஓரத்தை மட்டும் உதட்டில் வைத்து, தலையைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் மிஞ்சிய காற்று பக்கவாட்டில் போகும். வேண்டியதைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்ளுங்கள். குமிழிகள் மாஸ்க்கைத் தள்ளும். மற்றொரு கையால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். இறுக்கி மூடினால் காற்று நுரையீரலுக்குள் திணிக்கப்படும். மேலேறிக்கொண்டிருக்கும் நேரத்தில் இது நுரையீரலைக் கிழிக்கும் அளவுக்குப் போகலாம்.

கணக்கைப் பாருங்கள். 12 லிட்டர் சிலிண்டரில் 150 பார் இருந்தால் 1,800 லிட்டர் காற்று. மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு வாங்குபவருக்கு 20 மீட்டர் ஆழத்தில், அதாவது 3 பார் அழுத்தத்தில், 60 லிட்டர் செலவாகும். எனவே 30 நிமிடம் வரும். முழு வேகத்தில் கொட்டும்போது அந்த 30 நிமிடம் சில நிமிடங்களாகச் சுருங்குகிறது. நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் மேலே வர 20 மீட்டருக்கு இரண்டே கால் நிமிடம் போதும். ஆகவே உடனே கிளம்பினால் நேரம் இருக்கிறது. நின்று கருவியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் இல்லை. மேலே வரும் வழியில் கட்டாய நிறுத்தம் (டீகம்ப்ரஷன்) தேவைப்படாத டைவ் என்றால், 5 மீட்டரில் நிற்கும் 3 நிமிடப் பாதுகாப்பு நிறுத்தத்தை, போதிய காற்று இல்லாதபோது விட்டுவிடலாம். துணை டைவரின் காற்றில் இருக்கிறீர்கள், அவரிடம் போதுமான அளவு இருக்கிறது என்றால் நின்றே வாருங்கள்.

கேள்வி: குளிர்ந்த ஏரியில் கொட்டிய ரெகுலேட்டரைக் கரைக்குக் கொண்டுவந்து சோதித்தால் எந்தக் கோளாறும் இல்லை. எப்படி?

பனி உருகிவிட்டது, அவ்வளவுதான். 200 பாரிலிருந்து 10 பாருக்குக் காற்று விரியும்போது வெப்பநிலை கடுமையாக விழுகிறது. ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் ஸ்பிரிங் அறையில் இருக்கும் தண்ணீர் உறைந்து வால்வை மூடவிடாமல் பிடித்துக்கொள்ளும்; அல்லது மூச்சின் ஈரம் செகண்ட் ஸ்டேஜின் லீவரில் உறையும். கொட்டத் தொடங்கினால் ஓட்டம் கூடி இன்னும் குளிர்கிறது, அதனால் தானாக நிற்காது. ஐரோப்பியத் தரமான ஈ.என். 250, 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழ் உள்ள நீரைக் குளிர்நீர் என்று வகைப்படுத்துகிறது. அதற்கென்று சோதிக்கப்பட்ட, ஸ்பிரிங் அறைக்குள் தண்ணீர் புகாதபடி மூடிய ஃபர்ஸ்ட் ஸ்டேஜ்தான் வேண்டும். கரையில் உறைபனிக் காற்றில் நின்று ரெகுலேட்டரில் மூச்சு விட்டுப் பார்க்காதீர்கள். உள்ளே மூச்சு இழுக்கும் அதே நொடியில் பி.சி.டி.க்கும் காற்றடிக்காதீர்கள்.

கேள்வி: ஒவ்வொரு மூச்சுக்கும் பிரஷர் கேஜின் முள் கீழே குதித்து மேலே வருகிறது. கேஜ் கெட்டுவிட்டதா?

கேஜ் உண்மையைத்தான் சொல்கிறது. சிலிண்டருக்கும் ஃபர்ஸ்ட் ஸ்டேஜுக்கும் நடுவே வழி குறுகியிருக்கிறது. முதலில் சிலிண்டர் வால்வு முழுதாகத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். கால் சுற்று மட்டும் திறந்த வால்வு கரையில் தாராளமாகக் காற்று தரும். 30 மீட்டரில் ஒவ்வொரு மூச்சுக்கும் நான்கு மடங்கு காற்று தேவைப்படும்போது போதாமல் போகும். ஆகவே தண்ணீரில் இறங்கும் முன் முள்ளைப் பார்த்தபடியே நான்கைந்து முறை ஆழமாக மூச்சு இழுங்கள். முள் அசையக் கூடாது. கருவிச் சோதனைகளில் இதைவிட எளியதும் பயனுள்ளதும் வேறில்லை.

வால்வு முழுதாகத் திறந்தும் முள் குதித்தால், ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் வாயில் உள்ள வெண்கல ஃபில்டரைப் பாருங்கள். பச்சை படிந்திருந்தால் கடல்நீர் உள்ளே போயிருக்கிறது. செம்பழுப்பு, எஃகு சிலிண்டரின் துரு. சாம்பல் கலந்த வெள்ளைப் பொடி அலுமினிய சிலிண்டரின் உட்புற அரிப்பு. கறுப்பாக இருந்தால் கம்ப்ரஸரைச் சந்தேகிக்க வேண்டும். அந்தக் காற்றைச் சுவாசிப்பதே கேடு. ஃபில்டரை மட்டும் மாற்றுவதோடு நிறுத்தாமல் சிலிண்டரையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மூச்சோடு தண்ணீரும் வருகிறது.

மவுத்பீஸைக் கட்டியிருக்கும் பட்டை அறுந்திருக்கிறதா, மவுத்பீஸில் பல் பட்டுக் கிழிசல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்தது, வெளிவிடும் மூச்சு போகும் எக்ஸாஸ்ட் வால்வு. மெல்லிய சிலிக்கோன் வட்டம். ஓரம் மடிந்தாலோ மணல் சிக்கினாலோ தண்ணீர் வரும். சிலிண்டரைத் திறக்காமல் ரெகுலேட்டரில் மூச்சை இழுங்கள். எதுவும் வரக் கூடாது. லேசாகக் காற்று வந்தால் இந்த மூன்றில் ஒன்றோ முன்பக்க டயாபிரமோ கசிகிறது.

கேள்வி: பி.சி.டி. தானாகவே ஊதுகிறது. இதற்கும் ரெகுலேட்டருக்கும் தொடர்பு உண்டா?

பெரும்பாலும் இன்ஃப்ளேட்டர் பட்டனின் வால்வில் உப்பு ஏறிச் சிக்கியிருக்கும். ஆனால் இடை அழுத்தம் ஏறினாலும் அந்த வால்வு கசியும். மேலே சொன்னபடி மானியை மாட்டிப் பார்த்துவிடுங்கள். தண்ணீருக்குள் நடந்தால் ஹோஸை இன்ஃப்ளேட்டரிலிருந்து கழற்றி, பி.சி.டி.யிலுள்ள காற்றை வெளியேற்றுங்கள். தடித்த கையுறையோடும் அந்த இணைப்பைக் கழற்ற வருமா என்று முன்கூட்டியே பழகிப் பாருங்கள்.

கேள்வி: கைவேலை தெரிந்தவன் நான். சர்வீஸை நானே செய்துகொள்ளலாமா?

அந்த மாடலுக்கான பயிற்சியும், தயாரிப்பாளரின் கையேடும், அசல் பாகங்களும், டார்க் ரெஞ்சும், இடை அழுத்தமானியும் இல்லாமல் வேண்டாம். கைவேலை தெரிந்தவர்கள் செய்யும் தவறுகள்தான் பெரும்பாலும் பெரிய செலவில் முடிகின்றன. எஃகு ஊசியால் ஓ-ரிங்கைக் கிளப்பி, பித்தளைப் பள்ளத்தில் கீறல் போடுவது முதல் தவறு; அதற்குப் பித்தளை அல்லது பிளாஸ்டிக் கொக்கி இருக்கிறது. செகண்ட் ஸ்டேஜின் ஓரிஃபிஸைத் திருகும்போது பர்ஜ் பட்டனை அழுத்திப் பிடிக்காமல் விடுவது இரண்டாவது. சீட் விலகாமல் இருக்கும்போது திருகினால் விளிம்பு அதை அறுத்துவிடும். கொஞ்சம் திருகு, பட்டனை விடு, கேள். கசிந்தால் மறுபடி அழுத்திப் பிடித்துத் திருகு என்றுதான் போக வேண்டும். லீவர் உயரமாக நின்றால் மூடியை மாட்டியதும் கொட்டும். தாழ்ந்து நின்றால் டயாபிரம் முழுதாக உள்வாங்கியும் போதிய காற்று வராது. ஆக்ஸிஜன் கூடிய கலவையில் பயன்படும் ரெகுலேட்டரில் சாதாரண சிலிக்கோன் கிரீஸ் போடக் கூடாது, ஆக்ஸிஜனுக்கு ஏற்ற கிரீஸ்தான் போட வேண்டும்.

கடையில் கொடுத்து வாங்குபவர்களும் ஒன்றைக் கேட்டுப் பெறுங்கள்: சர்வீஸுக்குப் பின் இடை அழுத்தம் எவ்வளவு என்று எழுதிய சீட்டு. புதிய சீட் உலோக விளிம்புக்கு ஏற்பப் படியும்வரை அழுத்தம் சற்று நகரும். எனவே முப்பது நாற்பது முறை பர்ஜ் செய்து, மறுநாள் மறுபடி அளந்து, அந்த எண்ணை எழுதச் சொல்லுங்கள். அடுத்த முறை உங்கள் மானி காட்டும் எண்ணை அதனோடு ஒப்பிடலாம்.

டைவ் முடிந்து கழுவும்போது ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் மூடியை உலர்த்தி இறுக்கி மாட்டுங்கள். சிலிண்டரில் மாட்டாத ரெகுலேட்டரைத் தண்ணீரில் ஊறவைத்தபடி பர்ஜ் பட்டனை அழுத்தாதீர்கள். அழுத்தினால் வால்வு திறந்து, தண்ணீர் ஹோஸ் வழியாக ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வரை போய்விடும்.